பழவேற்காடு ஏரிச் சேற்றில் கன உலோகம்: கரையில் கேட்ட கேள்விகளும் பதில்களும்

நான் தடா பக்கம், தமிழ்நாடும் ஆந்திராவும் சேரும் எல்லையில் இருக்கும் பழவேற்காடு ஏரிக் கரைக்காரன். ஏரியில் சேறு மாதிரி எடுக்க வரும் ஆய்வுக் குழுக்களோடு படகில் போவது, பையில் பெயர் எழுதுவது, ஆய்வகம் அனுப்பும் அறிக்கையை ஊர்க்காரர்களுக்குப் படித்துச் சொல்வது என்று பல வருஷமாக இந்த வேலையில் இருக்கிறேன். ஆரம்பாக்கத்தில் இறங்கினாலும் சூளூர்பேட்டையில் இறங்கினாலும் கேள்விகள் மட்டும் மாறுவதில்லை. கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்வியைப் போட்டிருக்கிறேன்.

தண்ணிய டெஸ்ட் பண்ணாப் போதாதா, சேத்த ஏன் அள்ளிட்டுப் போறீங்க?

தண்ணீர் ஓரிடத்தில் நிற்காது. ஐப்பசி கார்த்திகையில் ஆரணியாறும் காளங்கியும் நன்னீரைக் கொண்டுவந்து கொட்டும், கோடையில் முகத்துவாரம் மண் மூடிவிட்டால் அதே இடம் கடலைவிட உப்பாகிவிடும். ஒரு பாட்டில் தண்ணீர் அன்றைக்கு அந்த நேரத்தில் என்ன இருந்தது என்று மட்டும்தான் சொல்லும். நேற்று ராத்திரி யாராவது எதையாவது திறந்துவிட்டு இன்று காலை ஓதம் இழுத்துக்கொண்டு போயிருந்தால் பாட்டிலில் ஒன்றுமே தெரியாது.

உலோகம் நீரில் வெகுநேரம் கரைந்தே இருப்பதில்லை. களித்துகள், இரும்பு-மாங்கனீசுத் துரு, மக்கிய இலைதழை இவற்றில் ஒட்டிக்கொண்டு அடியில் படிந்துவிடும். பல வருஷம் வந்து சேர்ந்தது எல்லாம் அங்கேதான் கிடக்கும். நீரில் கருவிக்கே எட்டாத அளவில் இருப்பது சேற்றில் நன்றாக அளக்கிற அளவுக்கு இருக்கும்.

கன உலோகம்னா எதெல்லாம்? இரும்பும் கனமாத்தானே இருக்கு?

பேச்சு வழக்கில் ஈயம், காட்மியம், பாதரசம், குரோமியம், நிக்கல், தாமிரம், துத்தநாகம் இவற்றைச் சொல்கிறோம். ஆர்செனிக் முழு உலோகம் இல்லை என்றாலும் இந்தப் பட்டியலில் சேர்த்தே அளப்பார்கள். தாமிரமும் துத்தநாகமும் உடம்புக்குக் கொஞ்சம் வேண்டும், அளவு மீறினால்தான் கெடுதல். ஈயம், காட்மியம், பாதரசம் மூன்றாலும் உடம்புக்கு ஒரு பிரயோஜனமும் கிடையாது.

இரும்பு, மாங்கனீசு, அலுமினியம் மூன்றையும் அளப்பார்கள், ஆனால் குற்றவாளியாக இல்லை. மற்ற உலோகத்தின் கணக்கைச் சரிபார்க்க அவை வேண்டும், அது கீழே வருகிறது.

எங்க பக்கம் சேறு கறுப்பா இருக்கு, அழுகின முட்டை நாத்தம் வேற. விஷம்தானே?

நிறத்தையும் நாற்றத்தையும் வைத்து அப்படிச் சொல்ல முடியாது. ஆக்சிஜன் இல்லாத அடிச்சேற்றில், கடல்நீரிலுள்ள சல்பேட்டை நுண்ணுயிர்கள் சல்ஃபைடாக மாற்றும். நாற்றம் ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயுவினுடையது, கறுப்பு இரும்பு சல்ஃபைடினுடையது. தொழிற்சாலையே பார்க்காத அலையாத்திக் காட்டுச் சேறும் இப்படித்தான் இருக்கும். ஒரு கைப்பிடி எடுத்து வெயிலில் வையுங்கள், கொஞ்ச நேரத்தில் மேல்பக்கம் பழுப்பாகத் துரு நிறத்துக்கு வந்துவிடும். உள்ளே பிய்த்துப் பார்த்தால் இன்னும் கறுப்பு.

இந்தக் கறுப்புச் சேறு நமக்கு ஒரு நல்லதும் செய்கிறது. காட்மியம், ஈயம், தாமிரம் போன்றவை சல்ஃபைடோடு இறுகி, எளிதில் கரையாமல் அடங்கிக் கிடக்கும். அதைக் கிளறினால் என்ன ஆகும் என்பது வேறு கதை, தூர் வாருவதைப் பற்றிய கேள்வியில் சொல்கிறேன்.

சரி, இதெல்லாம் எங்கிருந்துதான் வருது?

ஒரு பங்கு மலையிலிருந்தே வருகிறது. பாறை கரைந்து மண்ணாகும்போது அதிலிருக்கும் குரோமியமும் நிக்கலும் சேர்ந்தே வரும். இதைத் தடுக்கவும் முடியாது, தடுக்க வேண்டியதும் இல்லை. மீதி மனிதர் போட்டது: ஆற்றங்கரை ஊர்களின் சாக்கடை, ஆலைக் கழிவு, வயலில் போட்ட பாஸ்பேட் உரம் (அதில் காட்மியம் கொஞ்சம் இருக்கும்), படகின் அடியில் பாசி ஒட்டாமலிருக்கப் பூசும் தாமிரப் பெயின்ட், எஞ்சின் கழிவு எண்ணெய். தெற்கே எண்ணூர்க் கழிமுகத்தில் அனல்மின் சாம்பல் படிந்திருப்பது ஊரறிந்த சேதி, அந்தப் பக்கத்தையும் நம் ஏரியையும் பக்கிங்காம் கால்வாய் இணைக்கிறது. இந்தியாவில் 2000-ம் ஆண்டு வரை பெட்ரோலில் ஈயம் கலந்திருந்தார்கள். அந்த ஈயமும் புகையாகி, தூசாகி, மழையில் இறங்கிச் சேற்றுக்குத்தான் வந்தது.

நாமே போடுவதும் உண்டு. வீச்சு வலையின் ஓரத்தில் வரிசையாகக் கோத்திருக்கும் ஈயக்குண்டைப் பாருங்கள். மேலே கருஞ்சாம்பலாக இருக்கும், தேயத் தேய ஓரம் பளபளக்கும். அந்தத் தேய்மானம் போகிற இடம் ஏரிதான். ஏரி முழுதுக்கும் அது பெரிய கணக்கு இல்லை, ஆனால் படகுத்துறைப் பக்கத்தில் ஒரே ஒரு மாதிரி எடுத்துவிட்டு ஏரியே ஈயமாகிவிட்டது என்று சொன்னால் தப்பாகிவிடும்.

மண்வெட்டியால ஒரு வெட்டு வெட்டிப் பையில போட்டாப் போச்சு, இதுக்கு எதுக்கு இத்தனை சாமான்?

இந்தக் கேள்விக்கு நீளமாகவே பதில் சொல்கிறேன். நான் பார்த்த கெட்டுப்போன அறிக்கைகளில் பாதி ஆய்வகத்தில் கெடவில்லை, படகிலேயே கெட்டுவிட்டது. ஒரு தடவை நாலு இடத்துச் சேற்றிலும் துத்தநாகம் எக்கச்சக்கமாக வந்தது. குழுவே பதறிப்போய் எந்தக் கம்பெனி என்று தேட ஆரம்பித்தது. கடைசியில் பார்த்தால் சேற்றைக் கொட்டிக் கலக்கிய வாளி துத்தநாகம் பூசிய தகர வாளி. அதை எடுத்துக் கொடுத்தவன் நான்தான். நாலு மாதிரியையும் தூக்கிப் போட்டுவிட்டுத் திரும்பவும் போனோம்.

அதனால் சேற்றை அள்ளுவதற்கு எஃகுக் கவ்வி போட்டாலும், கவ்வியின் இரும்பில் படாத நடுப்பகுதியை மட்டும் பிளாஸ்டிக் அல்லது மரக் கரண்டியால் எடுக்க வேண்டும். ஆழத்தோடு பார்க்க வேண்டுமென்றால் பிவிசி குழாயைச் செங்குத்தாக அழுத்தி, மேல்வாயை அடைத்து, மெதுவாக உருவ வேண்டும். நம் ஏரி பெரும்பாலும் இடுப்பளவு ஆழம்தான் என்பதால் இறங்கி நின்றே செய்யலாம். பவுடர் போட்ட கையுறை வேண்டாம், பவுடரில் துத்தநாகம் இருக்கலாம். பாலித்தீன் பை முன்கூட்டியே நீர்த்த அமிலத்தில் கழுவியதாக இருக்க வேண்டும். எடுத்த உடனே ஐஸ் பெட்டி. எஞ்சினை அணைத்துவிட்டு, காற்றும் நீரோட்டமும் வரும் திசைப்பக்கம் நின்று எடுங்கள், படகின் எண்ணெய் மாதிரியில் கலக்கக் கூடாது.

இடம், தேதி, ஓதம் ஏறுகிறதா வடிகிறதா, உப்பளவு, சேற்றின் நிறம், மணலா களியா, எல்லாவற்றையும் அங்கேயே பென்சிலால் எழுதுங்கள். பேனா மை நனைந்தால் ஓடிவிடும். வீட்டுக்கு வந்து எழுதிக்கொள்ளலாம் என்று விட்டதில் இரண்டு பைகள் எந்த இடத்துப் பை என்றே தெரியாமல் போன அனுபவம் எனக்கு உண்டு.

எத்தனை இடத்துல எடுக்கணும்?

ஆறு சேரும் வாய், ஊர்ச் சாக்கடை விழும் இடம், நடு ஏரி, முகத்துவாரம், அப்புறம் எந்தக் கழிவும் நேராகப் போகாத ஒரு ஒதுக்கு மூலை, இவ்வளவும் இல்லாமல் எடுப்பதில் பொருளில்லை. ஒவ்வொரு இடத்திலும் குறைந்தது மூன்று அள்ளல். மழைக்கு முன் ஒரு தடவை, பின் ஒரு தடவை.

ஒரே சேத்த ரெண்டு லேபுக்கு அனுப்பினோம், ரெண்டு நம்பர் வருது. யார் பொய் சொல்றாங்க?

பெரும்பாலும் யாரும் பொய் சொல்லவில்லை, வேறு வேறு விஷயத்தை அளந்திருப்பார்கள். முதலில், எந்தத் துகளை எடுத்தார்கள் என்று பாருங்கள். உலோகம் களியில்தான் ஒட்டும், மணலில் ஒட்டாது. ஒருவர் 63 மைக்ரானுக்குக் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) கீழான நைசான பகுதியை மட்டும் சலித்து எடுத்திருப்பார், இன்னொருவர் மணலோடு சேர்த்து அரைத்திருப்பார். இரண்டாவது, எந்த அமிலம். ராஜதிராவகம் (நைட்ரிக் அமிலமும் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் கலந்தது) சேற்றின் மேலே ஒட்டியதையெல்லாம் கரைக்கும், மணிகளுக்குள் சிறைப்பட்டதை முழுதாகக் கரைக்காது. ஹைட்ரோஃப்ளோரிக் அமிலம் சேர்த்தால் மணியே கரைந்து எல்லாம் வெளியே வந்துவிடும், குறிப்பாகக் குரோமியத்தில் வித்தியாசம் பெரிதாகத் தெரியும். மூன்றாவது, பாதரசம் தேடுகிறவர்கள் சூடான அடுப்பில் காயவைத்தால் அது ஆவியாகிப் போய்விடும். 40 டிகிரிக்கு மேல் போகாமல் காயவைத்தார்களா, அல்லது உறையவைத்து உலர்த்தினார்களா என்று கேளுங்கள்.

இதெல்லாம் ஒத்துப்போயும் எண் வேறாக வந்தால், சான்று மாதிரி ஓட்டினார்களா என்று கேளுங்கள். அளவு முன்பே தெரிந்த சேற்றுப் பொடி ஆய்வகங்களுக்கு விலைக்குக் கிடைக்கும். அதை நம் சேற்றோடு சேர்த்துக் கரைத்து, தெரிந்த அளவு திரும்ப வருகிறதா என்று பார்ப்பார்கள். வெறும் அமிலத்தையும் ஒரு தடவை ஓட்டிப் பார்ப்பார்கள், அதிலேயே ஈயம் காட்டினால் அழுக்கு ஆய்வகத்தினுடையது. இந்த இரண்டு எண்ணும் இல்லாத அறிக்கையை நான் நம்புவதில்லை, எவ்வளவு பெரிய கருவியில் அளந்திருந்தாலும் சரி.

ரிப்போர்ட்ல ஈயம் 40-ன்னு இருக்கு. அதிகமா, கம்மியா?

கிலோவுக்கு 40 மில்லிகிராம் என்று பொருள், பிபிஎம் என்று போட்டிருந்தாலும் அதேதான். அதிகமா என்பது எதோடு ஒப்பிடுகிறோம் என்பதைப் பொறுத்தது. உலகம் முழுக்கப் பலரும் ஒப்பிடுவது 1961-ல் டுரேகியன், வெடிபோல் என்ற இரண்டு ஆய்வாளர்கள் வெளியிட்ட சராசரி களிப்பாறை அளவுகளோடு: ஈயம் 20, தாமிரம் 45, துத்தநாகம் 95, குரோமியம் 90, நிக்கல் 68, காட்மியம் 0.3. அப்படிப் பார்த்தால் நம் 40 இரண்டு மடங்கு.

ஆனால் அது உலகச் சராசரி. நம் ஆறுகள் கொண்டுவரும் மண்ணுக்கு அதே சராசரி பொருந்த வேண்டும் என்று கட்டாயமில்லை. இதைவிட நல்ல ஒப்பீடு நம் ஏரியிலேயே ஆழத்தில் கிடக்கும், ஆலைகள் வருவதற்கு முன் படிந்த சேறு. குழாய் போட்டு எடுத்து, அடிப்பகுதியை இயற்கை அளவாக வைத்துக்கொண்டு மேல்பகுதியை ஒப்பிட வேண்டும். இதைச் செய்யாமல் வெறும் உலகச் சராசரியை வைத்து 'மாசு' என்றோ 'மாசில்லை' என்றோ தலைப்பு போடுகிறவர்கள்மேல் எனக்குக் கோபமே வரும்.

நடுவுல அலுமினியம் எதுக்கு? ஏரியில யாரும் அலுமினியம் போடலையே?

யாரும் போடவில்லை என்பதால்தான் அதை அளக்கிறார்கள். களிமண்ணிலேயே அலுமினியம் ஒரு முக்கியப் பங்கு. அது எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவு களி இருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். இப்போது ஒரு கணக்கு. முகத்துவாரம் பக்கம் மணல் கலந்த சேற்றில் ஈயம் 40, அலுமினியம் 4 சதவீதம். நடு ஏரிக் களியில் ஈயம் அதே 40, அலுமினியம் 8 சதவீதம். சராசரிக் களிப்பாறையில் ஈயம் 20, அலுமினியம் 8.

ஈயத்தை அலுமினியத்தால் வகுத்து, அதைக் களிப்பாறையின் அதே விகிதத்தால் வகுத்தால் முதல் இடத்துக்கு 4 வரும், இரண்டாவது இடத்துக்கு 2 வரும். எண் ஒன்றுதான், ஆனால் மணல் இடத்தில் அந்த அளவு ஈயம் இருப்பதுதான் சந்தேகத்துக்குரியது, அங்கே ஒட்ட இடமே குறைவு. இதற்குச் செறிவுக் காரணி என்று பெயர். ஒன்றை ஒட்டி வந்தால் மண்ணின் இயல்பு, இரண்டைத் தாண்டினால் மனிதர் கை பட்டிருக்கலாம் என்று விசாரிக்க ஆரம்பிப்போம்.

ஒரே ரிப்போர்ட்ல ஒரு குறியீடு 'மாசில்லை'ங்குது, இன்னொண்ணு 'கணிசமான ஆபத்து'ங்குது. எதை நம்புறது?

ஒவ்வொன்றும் வேறு கேள்விக்குப் பதில். அறிக்கையில் 'ஐ-ஜியோ' என்று வருவது 1969-ல் மியூலர் என்ற ஆய்வாளர் தந்தது. நம் அளவை இயற்கை அளவின் ஒன்றரை மடங்கால் வகுத்து, இரண்டை அடியாகக் கொண்ட மடக்கை எடுப்பார்கள். அந்த ஒன்றரை, மண்ணின் இயல்பான ஏற்ற இறக்கத்துக்கு விடும் சலுகை. ஈயம் 40-க்கு அது சுமார் 0.4 வரும், மாசில்லை முதல் மிதமான மாசு வரை என்ற வகுப்பு.

ஹாகன்சன் 1980-ல் சொன்ன சூழல் ஆபத்துக் குறியீடு, உலோகம் எவ்வளவு நச்சு என்பதையும் பெருக்கிக்கொள்கிறது: பாதரசத்துக்கு 40, காட்மியத்துக்கு 30, ஆர்செனிக்குக்கு 10, ஈயத்துக்கும் தாமிரத்துக்கும் 5, குரோமியத்துக்கு 2, துத்தநாகத்துக்கு 1. துத்தநாகம் மூன்று மடங்கானால் 3 மதிப்பெண், காட்மியம் மூன்று மடங்கானால் 90. தொண்ணூறு என்பது 'கணிசமான ஆபத்து' வகுப்பு. அதனால் இந்தக் குறியீடு உயர்ந்தால் பெரும்பாலும் காட்மியமோ பாதரசமோதான் காரணம், உடனே அந்த வரிசைக்குப் போய் அளவு சரியாக அளக்கப்பட்டதா என்று பாருங்கள். காட்மியம் மிகக் குறைந்த அளவில் இருப்பதால் சின்ன அளவைத் தவறுகூட முப்பதால் பெருகிவிடும்.

பிஎல்ஐ ஒண்ணுக்குக் கீழ வந்துடுச்சு, அப்போ ஏரி சுத்தம்தானே?

இதை நம்பி ஏமாறாதீர்கள். 1980-ல் டாம்லின்சன் குழு தந்த இந்த மாசுச் சுமைக் குறியீடு, ஒவ்வொரு உலோகமும் இயற்கை அளவைப் போல எத்தனை மடங்கு என்று பார்த்து, எல்லாவற்றையும் பெருக்கி, எத்தனை உலோகமோ அத்தனையாவது மூலம் (ரூட்) எடுக்கிறது. ஐந்து உலோகம் அளக்கிறீர்கள், நான்கு இயற்கை அளவில் பாதி, ஒன்று மட்டும் எட்டு மடங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். கணக்குப் போட்டால் 0.87 வரும். எட்டு மடங்கு காட்மியம் கிடக்கும் சேற்றுக்கு 'மாசில்லை' என்று எழுத இது போதும். எப்போதும் ஒவ்வொரு உலோகத்தின் எண்ணையும் தனித்தனியாகக் கேட்டு வாங்குங்கள்.

மொத்த அளவு ஜாஸ்திதான், ஆனா 'கரையாத வடிவம்', பயப்பட வேண்டாம்னு ஒரு ஆபீசர் சொன்னார். சால்ஜாப்பா?

இருக்கலாம், உண்மையாகவும் இருக்கலாம். படிப்படிப் பிரிப்பு செய்தார்களா என்று கேளுங்கள். ஐரோப்பாவில் வகுத்த பிசிஆர் (BCR) முறையில் முதலில் நீர்த்த அசிட்டிக் அமிலத்தில் கரைவது எவ்வளவு, அப்புறம் இரும்பு-மாங்கனீசுத் துருவோடு ஒட்டியது, அப்புறம் கரிமத்தோடும் சல்ஃபைடோடும் சேர்ந்தது, கடைசியில் மணிக்குள் சிறைப்பட்டது என்று நான்காகப் பிரிப்பார்கள். முதல் பகுதிதான் மட்டிக்கும் நண்டுக்கும் சுலபமாகப் போகும். மொத்தத்தில் அது 10 சதவீதத்துக்குள் என்றால் குறைந்த ஆபத்து, 30-ஐத் தாண்டினால் அதிகம், 50-ஐத் தாண்டினால் மிக அதிகம் என்று பிரிப்பார்கள். இந்த எண் கையில் இல்லாமல் 'கரையாது' என்று வாயால் சொல்வதை ஏற்காதீர்கள்.

இன்னொன்று. இன்று கரையாதது என்றைக்கும் கரையாது என்று அர்த்தமில்லை. கோடையில் உப்பு ஏறும்போது குளோரைடு காட்மியத்தைப் பிடித்து இழுத்து நீருக்குக் கொண்டுவரும்.

தூர் வாரிட்டா எல்லாம் போயிடுமா?

எங்கே வாருகிறார்கள் என்று பாருங்கள். முகத்துவாரத்தில் அடைத்திருப்பது கடல் மணல், அதில் உலோகம் குறைவு, திறந்தால் ஏரிக்கும் மீனுக்கும் நல்லது, மீனவர்கள் கேட்பதும் நியாயம். உள்ளே கறுப்புச் சேற்றை வாருவது அப்படியில்லை. மேலே சொன்ன சல்ஃபைடு, காற்றுப் பட்டதும் உடைந்து அமிலமாகும், அடங்கிக் கிடந்த உலோகம் விடுபடும். வாரிய சேற்றைக் கரையிலேயே குவித்தால் அடுத்த மழையில் திரும்ப ஏரிக்கே வரும். வாருவதற்கு முன் அந்த ஆழம் வரைக்கும் குழாய் மாதிரி எடுத்துப் பார்த்தாக வேண்டும்.

எந்த வருஷத்துலேர்ந்து கெட்டுச்சுன்னு சொல்ல முடியுமா?

சில இடத்தில் முடியும். சேற்றிலுள்ள ஈயம்-210 என்ற கதிரியக்க ஈயம் சுமார் 22 ஆண்டுக்கு ஒருமுறை பாதியாகும். குழாயைச் சென்டிமீட்டர் சென்டிமீட்டராக வெட்டி அளந்தால், கடந்த நூறு ஆண்டுக்குள் எந்த அடுக்கு எப்போது படிந்தது என்று கணிக்கலாம். அணுகுண்டுச் சோதனைத் தூசி 1963 வாக்கில் உச்சத்துக்குப் போனது, அந்தத் தூசியில் வந்த கதிரியக்கச் சீசியம்-137 அதைச் சில சேறுகளில் காட்டும். ஆனால் நம்முடையது ஆழமில்லாத ஏரி. புழு துளைக்கிறது, படகு கலக்குகிறது, 2004 சுனாமியும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலும் வந்து போயிருக்கின்றன. அடுக்கு குலைந்த இடத்தில் வருஷம் சொன்னால் அது ஊகம்.

கடைசியா கேக்குறேன், மீனையும் நண்டையும் சாப்பிடலாமா கூடாதா?

சேற்று எண்ணை வைத்து இதற்குப் பதில் சொல்ல முடியாது, மீனைத்தான் அளக்க வேண்டும். அமெரிக்க வழிகாட்டு அளவுகள் என்று அறிக்கையில் வருவதெல்லாம் (ஈயம் 46.7-க்குக் கீழ் பாதிப்பு அரிது, 218-க்கு மேல் அடிக்கடி) சேற்றில் வாழும் சின்ன உயிர்களுக்கான கணக்கு. நம் தட்டுக்கான கணக்கு இல்லை.

மீனின் சதையில் ஈயமும் காட்மியமும் பொதுவாகக் குறைவாகவே சேரும், ஈரலிலும் சிறுநீரகத்திலும் செவுளிலும்தான் சேரும். நண்டில் ஓட்டுக்குள் இருக்கும் மஞ்சள் பகுதியில் காட்மியம் அதிகம் தங்கும். சந்தேகமுள்ள இடத்து நண்டென்றால் சதையைத் தின்றுவிட்டு அதை விட்டுவிடுங்கள், குழந்தைகளுக்குக் கொடுக்கவே வேண்டாம். மட்டி வடிகட்டித் தின்னும் உயிர், சாக்கடை வாய்ப்பக்கத்து மட்டி வேண்டாம். பாதரசம் தனிக் கதை. சேற்று நுண்ணுயிர்கள் அதை மெத்தில் பாதரசமாக மாற்றும், அது சின்ன மீனிலிருந்து பெரிய மீனுக்குப் போகப் போகப் பெருகும், கொடுவா போன்ற வேட்டை மீனில்தான் தேட வேண்டும். ஜப்பானின் மினமாட்டாவில் 1956-ல் வெளிப்பட்ட நோய் இப்படித்தான் மீன் வழியாக வந்தது. இறாலில் தாமிரம் இருக்கிறது என்று பயப்படாதீர்கள், இறாலின் ரத்தத்திலேயே இயல்பாகத் தாமிரம் உண்டு.

நாங்க காலைலேர்ந்து சேத்துல உக்காந்து கையால இறால் பொறுக்குறோம். தோல் வழியா ஏறாதா?

பறியை (பிடித்ததைப் போடும் கூடை) பல்லில் கடித்துக்கொண்டு, கழுத்தளவு நீரில் தவழ்ந்து இறால் தடவும் ஒரு அம்மா கேட்டது. இந்த உலோகங்கள் நல்ல தோல் வழியாக அவ்வளவாக ஏறாது அம்மா. ஏறுவது வாய் வழியாகத்தான்: அந்தப் பறியில் ஒட்டிய சேறு, நகத்திடுக்கில் இருக்கும் சேறு, கை கழுவாமல் போடும் வெற்றிலை. கரையேறியதும் நல்ல தண்ணீரில் கையும் வாயும் கழுவிவிட்டு வெற்றிலை போடுங்கள். இத்தனை பேர் வாயில் சேற்றோடு வேலை செய்கிற ஏரியில், எவ்வளவு சேறு உள்ளே போகிறது என்ற கணக்கையும் ஆய்வில் சேர்க்கச் சொல்லி நான் ஒவ்வொரு குழுவிடமும் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

காலேஜ் படிக்கிற எங்க பிள்ளைங்களே இதைச் செய்ய முடியுமா?

மாதிரி எடுப்பதை அவர்களைவிட நன்றாக யாரும் செய்ய முடியாது. எந்த மடுவில் களி, எந்தத் திட்டில் மணல் என்று அவர்களுக்குத் தெரியும். ஏரி இரண்டு மாநிலத்தில் கிடப்பதால், ஆந்திரப் பக்கம் எடுப்பவர்களும் தமிழ்நாட்டுப் பக்கம் எடுப்பவர்களும் ஒரே வாரத்தில், ஒரே முறையில் எடுத்து, ஒரே ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். இல்லையென்றால் எல்லைக் கோட்டில் மாசு திடீரென்று கூடினது போலவும் குறைந்தது போலவும் அறிக்கை காட்டும். ஒவ்வொரு மாதிரியிலும் பாதியை உலர்த்தி, பெயர் எழுதி, ஊரிலேயே வைத்துக்கொள்ளுங்கள், நாளைக்கு எண்ணில் சந்தேகம் வந்தால் திரும்ப அளக்கலாம்.

அமிலத்தில் கரைக்கும் வேலையை மட்டும் கல்லூரி மேசையில் செய்யாதீர்கள். ஹைட்ரோஃப்ளோரிக் அமிலம் கையில் பட்டால் முதலில் வலிகூடத் தெரியாமல் போகலாம், உள்ளே எலும்பு வரைக்கும் போகும், உயிரையே எடுத்திருக்கிறது. கால்சியம் குளுக்கோனேட் களிம்பும் (அந்த அமிலக் காயத்துக்கு மருந்து) புகைக்கூண்டும் (அமில ஆவியை வெளியே இழுக்கும் கூண்டு) பழகிய ஆளும் இருக்கிற ஆய்வகத்துக்குக் காய்ந்த பொடியாக அனுப்பிவிடுங்கள், ஒரு மாதிரிக்கு ஐம்பது கிராம் இருந்தால் தாராளம்.